வண்டிக்கு வயசு கேக்குறீங்க, டிக்கெட்டுக்கு கணக்கு கேக்க மாட்டேங்குறீங்க: ரெண்டு அமைச்சகத்துக்கும் ஒரு திறந்த மடல்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும், சிவில் ஏவியேஷன் அமைச்சகத்துக்கும், அப்படியே ஒரு காப்பி தமிழ்நாடு அரசுக்கும்,

வணக்கம்.

ரெண்டு அமைச்சகத்துக்கும் சேர்த்து ஒரே மடலா எழுதுறதுக்கு காரணம் இருக்கு. ரோட்டுல ஓடுற பழைய வண்டிக்கு நீங்க போட்ட ரூலையும், ஃபிளைட் டிக்கெட் விலைக்கு நீங்க போடாத ரூலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா தலை சுத்துது. தார்ப்பாய் போட்டு மூடி வச்சு ஞாயித்துக்கிழமை மட்டும் வெளிய எடுக்குற ஒரு பழைய பத்மினி காருக்கு இத்தனை ஃபார்ம், இத்தனை ஃபீஸ். பொங்கலுக்கு முந்தின நாள் சென்னையிலிருந்து மதுரைக்குப் போற ஃபிளைட்டுக்கு மட்டும் கம்பெனிக்காரன் என்ன விலை வேணா வச்சுக்கலாம், கேட்டா அது மார்க்கெட் முடிவு பண்றது, நாங்க தலையிடுறதில்லைன்னு பதில் வருது. கை வைக்க வேண்டாத இடத்துல கை வைக்கிறீங்க, கை வைக்க வேண்டிய இடத்துல கையைக் கட்டிட்டு நிக்கிறீங்க. என் புகார் மொத்தமும் இவ்வளவுதான், மீதி எல்லாம் விளக்கம்.

முதல்ல வண்டி.

2021 ஜூலைல வின்டேஜ் வண்டிக்குன்னு தனியா ரூல் கொண்டு வந்தீங்க. நல்ல விஷயம், அதுக்கு முன்னாடி நாடு முழுக்க ஒரே மாதிரி ரூல் கிடையாது, ஒவ்வொரு ஆர்டிஓ ஆபீஸ்லயும் ஒவ்வொரு பதில். முதல் ரெஜிஸ்ட்ரேஷன் ஆகி 50 வருஷம் தாண்டின டூவீலரும் ஃபோர்வீலரும் வின்டேஜ், சேசிஸ், பாடி, இன்ஜின் எதுலயும் பெருசா கை வச்சிருக்கக் கூடாது, புது ரெஜிஸ்ட்ரேஷனுக்கு 20,000 ரூபா, பத்து வருஷம் செல்லும், திரும்ப பண்ண 5,000. ஏற்கெனவே நம்பர் இருக்கிற வண்டி பழைய நம்பரையே வச்சுக்கலாம்னு சொன்னதுக்கு மனசார நன்றி, ஏன்னா எம்.எஸ்.ஒய்னு ஆரம்பிக்கிற அந்த மெட்ராஸ் நம்பர் பிளேட்டுக்காகவே வண்டிய விக்காம வச்சிருக்கிற ஆளுங்களை எனக்குத் தெரியும்.

ஆனா அந்த வண்டிய வச்சு என்ன பண்ணலாம்னு படிச்சா சிரிப்பு வருது. ராலிக்கு போகலாம், கண்காட்சிக்கு போகலாம், ஆராய்ச்சிக்கு எடுக்கலாம், பெட்ரோல் போடப் போகலாம், ரிப்பேருக்கு கொண்டு போகலாம். வழக்கமா ரோட்டுல ஓட்டக் கூடாது. அதாவது பெட்ரோல் போடப் போகலாம், ஆனா போட்ட பெட்ரோல செலவு பண்ண வருஷத்துக்கு ஒரு ராலி வரணும். பழைய வண்டி வச்சிருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, நிறுத்தி வச்சாதான் அது செத்துப் போகும், வீல் சிலிண்டர் ஜாம் ஆகும், கார்ப்பரேட்டர்ல பெட்ரோல் காஞ்சு பிசினாகி அடைச்சுக்கும், டேங்க் உள்ளுக்குள்ளயே துரு பிடிக்கும். வாரம் ஒரு தடவை ஒரு இருபது கிலோமீட்டர் ஓடினாதான் பிரேக்கே ஒழுங்கா பிடிக்கும். அப்போ நீங்க போட்ட ரூல்படி நடந்தா வண்டி பாதுகாப்பா இருக்குமா இல்ல ஆபத்தா ஆகுமா, இத டெல்லியில யாராவது ஒரு மெக்கானிக்கிட்ட கேட்டீங்களா?

சரி, அது 50 தாண்டின வண்டி. 50க்கு கீழ இருக்கிற வண்டிதான் பெரிய கொடுமை. சட்டத்துல சொந்த வண்டி ரெஜிஸ்ட்ரேஷன் 15 வருஷம், அப்புறம் அஞ்சஞ்சு வருஷமா எஃப்சி, அதாவது வண்டி ஓடத் தகுதியா இருக்குங்கிற சர்டிஃபிகேட், காட்டி நீட்டிக்கணும். அது நியாயம், அத நான் குறை சொல்லல. ஆனா ஃபீஸ் போன பாதையப் பாருங்க. காருக்கு 600 ரூபாயா இருந்தது 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல இன்னொரு ஏத்தம், 20 வருஷம் தாண்டின காருக்கு 10,000, பைக்குக்கு 2,000, இறக்குமதி பண்ண காரா இருந்தா 80,000. இந்தக் காச வாங்கிட்டு கூடுதலா என்ன டெஸ்ட் பண்றீங்கன்னு கேட்டா ஒண்ணும் இல்ல, பிரேக் இன்ஸ்பெக்டர் பாக்குற அதே பார்வைதான். அப்போ இது டெஸ்ட்டுக்கான ஃபீஸ் இல்ல, வண்டிய கொண்டு போய் உடைச்சுப் போடுன்னு சொல்ற ஃபீஸ். அத நேரா சொல்லிட்டா கூட பரவால்ல.

எங்க மாமாகிட்ட ஒரு 1984 பத்மினி இருக்கு. ஒரிஜினல் பெயின்ட், ஒரிஜினல் சீட், ஸ்டீயரிங் பக்கத்துல கியர், வீட்டுல எல்லாரையும் விட அதுக்குத்தான் கவனிப்பு ஜாஸ்தி. உங்க கணக்குல அது வின்டேஜ் கிடையாது, 2034 வரைக்கும் வெறும் பழைய வண்டிதான். அதுவரைக்கும் அதுக்கும், எங்கயோ சைடுல கிடக்கிற, சைலன்சர் ஓட்டையான, டயர் வழுக்கையான இருபத்தஞ்சு வயசு டாக்ஸ் கட்டாத வண்டிக்கும் உங்க கண்ணுல ஒரே மரியாதை. வயசு ஒண்ணுதான் தெரியுது, நிலைமை தெரியல.

மத்த நாடு எப்படி பண்ணுதுன்னு பாத்தா ரெண்டு மாதிரி இருக்கு. பிரிட்டன்ல 2018 மே மாசத்துல இருந்து 40 வருஷம் தாண்டின வண்டிக்கு எம்ஓடிங்கிற வருஷாந்திர தகுதி டெஸ்ட்டே வேண்டாம்னு விட்டுட்டாங்க, கடைசி 30 வருஷத்துல பெருசா மாத்தியிருக்கக் கூடாது அவ்வளவுதான், வண்டி நல்லா இருக்கணும்கிற பொறுப்பு ஓனருக்கு. உண்மைய சொல்லணும்னா எனக்கு அது பிடிக்கல. நம்ம ஊர் ட்ராஃபிக்ல டிரம் பிரேக் வண்டிய யாரும் செக் பண்ணாம விடுறது தப்பு, நம்ம ஆளுங்க அத எப்படி யூஸ் பண்ணுவாங்கன்னும் எனக்குத் தெரியும். ஜெர்மனிக்காரன் வழிதான் சரின்னு தோணுது. அங்க 30 வருஷம் ஆன வண்டிய ஒரு எக்ஸ்பர்ட் பாத்து, ஒரிஜினலா இருக்கு, நல்லா பராமரிச்சிருக்காங்கன்னு ரிப்போர்ட் கொடுத்தா நம்பர் பிளேட் கடைசில எச்னு ஒரு எழுத்து சேரும், மாசு கட்டுப்பாட்டு ஏரியாவுக்குள்ளயும் போகலாம், வழக்கமா ஓட்டலாம், ஆனா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ டெஸ்ட் உண்டு. உலக அளவுல பழைய வண்டி கிளப்புகளுக்கு தலைமையா இருக்கிற ஃபீவா அமைப்பும் 30 வருஷம்னுதான் வச்சிருக்கு. நமக்கு மட்டும் 50 எங்கிருந்து வந்துச்சு?

வண்டி எந்த காலத்துல வந்துச்சோ அந்த கால அளவுல டெஸ்ட் பண்றது உங்களுக்கு தெரியாத விஷயமும் இல்ல. பொல்யூஷன் சர்டிஃபிகேட்டுக்கு ஏற்கெனவே அப்படித்தான் பண்றீங்க, 2000 மார்ச்சுக்கு முன்னாடி வந்த பைக்குக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரைக்கும் ஓகே, அதுக்கப்புறம் வந்ததுக்கு குறைவு. புகைக்கு இருக்கிற இந்த அறிவு எஃப்சிக்கு ஏன் வரல? இப்போ ஊர் ஊரா ஆட்டோமேட்டட் டெஸ்டிங் ஸ்டேஷன் வருது, ரோலர் மேல ஏத்தி பிரேக் பாக்கும், ஹெட்லைட் வெளிச்சத்த அளக்கும், எல்லாம் மெஷின், லஞ்சம் கிடையாதுன்னா அது எனக்கும் சந்தோஷம்தான். ஆனா ஆறு வோல்ட் பேட்டரில ஓடுற ஒரு பழைய பைக்கோட ஹெட்லைட் ஃபேக்டரிய விட்டு வந்த அன்னைக்கே அந்த மெஷின் எதிர்பாக்குற வெளிச்சத்த கொடுத்திருக்காது. அப்போ ஃபெயில். ஃபெயில் ஆகக் கூடாதுன்னா பன்னெண்டு வோல்ட்டுக்கு மாத்தணும், எல்இடி போடணும். மாத்தினா நாளைக்கு ஒரிஜினல் இல்லன்னு வின்டேஜ்ல சேர்க்க மாட்டீங்க. எந்தப் பக்கம் போனாலும் முட்டுது.

இன்ஜின் விஷயமும் அதே கதைதான். அம்பாசடர் வச்சிருந்த எத்தனையோ பேர் பெட்ரோல் விலை தாங்காம மெட்டடோர் வேனோட டீசல் இன்ஜின் போட்டுக்கிட்டாங்க, அந்த காலத்துல அது ஊர் வழக்கம், ஆர்சி புக்லயே ஏத்தி சட்டப்படி பண்ணதுதான். அந்த மாத்தமே நம்ம நாட்டு மோட்டார் சரித்திரத்துல ஒரு பக்கம்னு நான் சொல்லுவேன், உங்க ரூல் அதையும் தள்ளுபடி பண்ணிடுது.

இதைவிட எனக்கு ஆத்திரம் வர்றது லாரி பஸ் விஷயத்துல. வின்டேஜ்னா டூவீலர் ஃபோர்வீலர், அதுவும் சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கிறது மட்டும்தான்னு எழுதிட்டீங்க. ராஜா ஓட்டின ரோல்ஸ் ராய்ஸ் சரித்திரம், எண்ணூர்ல செஞ்ச லேலண்ட் காமெட் லாரி சரித்திரம் இல்லயா? மெட்ராஸ்ல ஓடின டபுள் டெக்கர் பஸ்? மூணு சக்கரத்துல தட தடன்னு ஓடிட்டு இருந்த அந்த பழைய டெம்போ ஹான்சியட்? இந்த ஊர தூக்கி நிறுத்தினது அந்த வண்டிங்கதான். பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்டு ஃபேக்டரில ஹெரால்டு, கெஸல் கார் செஞ்சாங்க, திருவொற்றியூர்ல புல்லட் செஞ்சாங்க, சென்னைய வண்டி ஊருன்னு இன்னைக்கு மேடைல பெருமையா பேசுறோம், ஆனா அந்த ஊர்ல செஞ்ச லாரில ஒண்ண ஒருத்தர் ஆசைப்பட்டு ரெஸ்டோர் பண்ணி ஓட்டணும்னா சட்டத்துல அதுக்கு ஒரு கட்டம் கூட இல்ல. இதுல 2023 ஏப்ரல்ல இருந்து 15 வருஷம் தாண்டின அரசாங்க வண்டி எல்லாம் ரெஜிஸ்ட்ரேஷன் காலி, ஸ்க்ராப்புக்குப் போகணும். புகை கக்குற ஜீப்ப உடைங்க, வேண்டாம்னு சொல்லல. உடைக்கிறதுக்கு முன்னாடி இதுல எது மியூசியத்துக்குப் போக வேண்டியதுன்னு ஒரு ஆள் பாத்து டிக் பண்ணக் கூடாதா? கோயம்புத்தூர்ல ஜி.டி. கார் மியூசியம் மாதிரி ஒரு இடத்த தனியார் குடும்பம் நடத்துது, அரசாங்கத்துக்கு அந்த ஞாபகமே இல்ல.

டெல்லி கதைய நீங்களே பாத்தீங்க. டீசல் 10 வருஷம், பெட்ரோல் 15 வருஷம்னு வயச மட்டும் வச்சு போட்ட தடை, 2025 ஜூலை 1ல இருந்து பங்க்ல பெட்ரோலே போடக் கூடாதுன்னு ஆரம்பிச்சாங்க, சில நாள்லயே நிறுத்தி வைக்க வேண்டியதாச்சு, அப்புறம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. காத்து மோசமா இருக்கு, யாரும் இல்லங்கல. ஆனா பொறந்த தேதியப் பாத்து தண்டனை கொடுத்தா சனங்க ஒத்துக்க மாட்டாங்கன்னு அங்கயே தெரிஞ்சு போச்சு.

இப்போ மேல பறக்குறவங்க பக்கம் வரேன்.

1994ல ஏர் கார்ப்பரேஷன்ஸ் சட்டத்த எடுத்ததுல இருந்து விமானக் கட்டணம் அரசாங்கம் கையில இல்ல. அது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், அது நடக்கலன்னா என்ன மாதிரி ஆளு ஃபிளைட் ஏறியிருக்கவே மாட்டான். ஆனா விட்டது முழுசா விடல, ஏர்கிராஃப்ட் ரூல்ஸ்ல 135ன்னு ஒண்ணு இருக்கு, செலவு, நியாயமான லாபம், பொதுவா நடப்புல இருக்கிற விலை இதெல்லாம் பாத்து நியாயமான கட்டணம் வைக்கணும்னு. கட்டணப் பட்டியல வெப்சைட்ல போடணும்னும் இருக்கு. பார்லிமெண்ட்ல யாராவது கேள்வி கேட்டா உங்க பதில் எப்பவும் ஒண்ணுதான், விமானத் துறைய மேற்பார்வை பாக்குற டிஜிசிஏல ஒரு கண்காணிப்பு யூனிட் இருக்கு, சில ரூட்டுகள பாத்துட்டு வருது, கம்பெனிங்க அவங்க போட்ட பட்டியலுக்குள்ளதான் விலை வச்சிருக்காங்க. சார், அந்த பட்டியலோட உச்சிய எழுதுறதே அந்த கம்பெனிதான். பரீட்சை எழுதுறவனே கேள்வித்தாளும் தயார் பண்ணி, அவனே மார்க்கும் போட்டுக்கிற மாதிரி இருக்கு. நியாயமானதுன்னா எவ்வளவுன்னு இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது எழுதி வச்சிருக்கீங்களா?

சாதாரண நாள்ல மூவாயிரம் நாலாயிரத்துக்கு கிடைக்கிற சென்னை மதுரை டிக்கெட் தீபாவளி பொங்கல் நேரத்துல பத்தாயிரத்தையும் தாண்டுது, வருஷா வருஷம் பேப்பர்ல வர்ற நியூஸ், தேதிய மட்டும் மாத்தி அப்படியே போடலாம். தூத்துக்குடிக்கும் அதே கதை. டிமாண்ட் கூடினா விலை கூடும், அந்த பாடம் எனக்குப் புரியும். ஆனா மார்க்கெட்னு சொல்லணும்னா விக்கிறவன் நாலு பேர் இருக்கணும்ல. உள்நாட்டுல பறக்குற பத்து பேர்ல ஆறு பேருக்கு மேல இண்டிகோல போறாங்க, ஏர் இந்தியா குரூப்பையும் சேர்த்தா ஒன்பதத் தாண்டிடுது. சின்ன ஊர் ரூட்ல பல நேரம் ஒரே கம்பெனிதான். அங்க என்ன போட்டி, எவனோட போட்டி?

உங்களால முடியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க, ஏன்னா ரெண்டு தடவ பண்ணிக் காட்டியிருக்கீங்க. கொரோனா சமயத்துல 2020 மே 25ல ஃபிளைட் திரும்ப ஓட ஆரம்பிச்சப்போ பறக்குற நேரத்த வச்சு ஏழு பேண்ட், அதாவது குறைஞ்ச விலை, உச்ச விலை வச்ச ஏழு அடுக்கு போட்டீங்க, 40 நிமிஷத்துக்குக் கீழ 2,000ல இருந்து 6,000 வரைக்கும்னு. 2022 ஆகஸ்ட் 31 வரைக்கும் அந்த கட்டுப்பாடு ஏதோ ஒரு வடிவத்துல இருந்துச்சு, எந்த ஏர்போர்ட்டும் இடிஞ்சு விழல. அடுத்தது 2025 டிசம்பர். பைலட் ஓய்வு நேர ரூலுக்கு இண்டிகோ தயாராகாம ஆயிரக்கணக்குல ஃபிளைட் கேன்சல் ஆகி, மத்தவங்க விலைய கண்டபடி ஏத்தினதும், டிசம்பர் 6ல உத்தரவு போட்டீங்க: 500 கிலோமீட்டர் வரைக்கும் 7,500, ஆயிரம் வரைக்கும் 12,000, ஆயிரத்து ஐநூறு வரைக்கும் 15,000, அதுக்கு மேல 18,000. ஒரே ராத்திரில முடிஞ்சுது. சென்னை மதுரை 500 கிலோமீட்டருக்குள்ளதான் வருது. அந்த 7,500 டிசம்பர்ல நியாயமான உச்சம்னா பொங்கலுக்கு மட்டும் ஏன் நியாயம் இல்லாம போகுது? டிசம்பர்ல மாட்டிக்கிட்டவங்க டெல்லி மும்பை ஏர்போர்ட்ல உக்காந்து டிவில பேசினாங்க, பொங்கலுக்கு மாட்டுறவங்க ஆம்னி பஸ்ல ஏறிப் போயிடுறாங்க, வேற என்ன வித்தியாசம்?

வருஷம் பூரா விலைக்கு உச்ச வரம்பு போடுங்கன்னு நான் கேக்கல. கொரோனா பேண்ட்ல குறைஞ்சபட்ச விலைன்னு ஒண்ணு வச்சது மடத்தனம், ஆஃபர்ல ஆயிரத்து ஐநூறுக்கு கிடைச்சிருக்க வேண்டிய டிக்கெட்டும் ஏறிப் போச்சு. ஆனா அதே உத்தரவுல ஒரு அருமையான வரி இருந்துச்சு, 40 சதவீத சீட்ட பேண்டோட நடு விலைக்குக் கீழதான் விக்கணும்னு. அத மட்டும் எடுத்து பண்டிகை வாரத்துக்கும், ஒரே கம்பெனி பறக்குற ரூட்டுக்கும் போடுங்க. கம்பெனி மீதி 60 சதவீதத்துல சம்பாதிச்சுக்கட்டும். ரயில்ல 60 நாளைக்கு முன்னாடி புக்கிங் ஓபன் ஆகி, தெற்க போற வண்டி எல்லாம் சில நிமிஷத்துல வெயிட்டிங் லிஸ்ட் போயிடுது, சொந்த ஊர்ல சாவுன்னா உடனே வீட்டுக்கு போக ஒருத்தனுக்கு ஃபிளைட்ட விட்டா வேற வழியே கிடையாது, இத டெல்லியில உக்காந்து சொகுசுன்னு நினைச்சுக்காதீங்க.

சின்ன ஊருக்கு குறைஞ்ச விலைல ஃபிளைட் விடுற உடான் திட்டத்தயும் விட்டுட முடியாது. ஒரு மணி நேர தூரத்துக்கு 2,500 ரூபான்னு பாதி சீட்டுக்கு விலை கட்டி 2017ல ஆரம்பிச்சீங்க. 2018 மார்ச்ல சேலத்துக்கு ஃபிளைட் வந்தப்போ ஊரே போய் பாத்துச்சு. அப்புறம் மானியம் கொடுக்குற மூணு வருஷ கணக்கு முடியுற நேரத்துல நின்னு போச்சு, திரும்ப வர 2023 ஆச்சு. வேலூரும் நெய்வேலியும் லிஸ்ட்ல பேரு வந்ததோட வருஷக்கணக்கா காத்துக் கிடந்துச்சு. மதுரைக்கு வெளிநாட்டு கம்பெனிங்க வர ஆசைப்பட்டாலும் துபாய், சிங்கப்பூர், மலேசியாவோட போட்ட விமான சேவை ஒப்பந்தத்துல மதுரை பேரே இல்லன்னு எத்தனை வருஷமா அந்த ஊர் வியாபாரிங்க மனு கொடுத்துட்டு இருக்காங்க. வளைகுடால வேலை பாக்குற ராமநாதபுரம் சிவகங்கை பசங்க திருச்சிக்கோ சென்னைக்கோ வந்து இறங்கி அங்கிருந்து பஸ் பிடிக்கிறாங்க. சப்ளைய நீங்களே பூட்டி வச்சுட்டு விலைய மார்க்கெட் முடிவு பண்ணும்னா எப்படி?

தமிழ்நாடு அரசே, உங்களுக்கு காப்பி போட்டது சும்மா இல்ல. விமான எரிபொருள் ஜிஎஸ்டிக்கு வெளிய இருக்கு, அதுக்கு 29 சதவீதம் வாட் போட்டு நாட்டுலயே மேல் வரிசைல நம்ம இருந்திருக்கோம், பல மாநிலம் ஒண்ணு, நாலு சதவீதம்னு குறைச்சப்புறமும். ஏர்லைன்ஸ் செலவுல பெரிய பங்கு எரிபொருள்தான். மத்திய அரசு மேல பழி போடும்போது இதையும் கொஞ்சம் சேத்துப் பேசலாம்.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. 30 வருஷம் தாண்டி ஒரிஜினல் நிலைமைல இருக்கிற வண்டிக்கு, லாரி பஸ் ஆட்டோ உட்பட, தனியா ஒரு வகை கொண்டு வாங்க, சில ஊர்லயாவது பழைய வண்டி தெரிஞ்ச ஆள வச்சு பிரேக், ஸ்டீயரிங், சேசிஸ் துரு, டயர் பாத்து ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ டெஸ்ட் பண்ணுங்க, அதுக்கு ஆகுற செலவ ஃபீஸா வாங்குங்க, பாஸ் ஆனா ஓட்ட விடுங்க. ஃபெயில் ஆனா நிறுத்துங்க, நாங்களே நிறுத்துவோம். ஃபிளைட் பக்கம், 135ல இருக்கிற அந்த நியாயமான கட்டணத்துக்கு ரூட் வாரியா ஒரு நம்பர் எழுதுங்க, போன மாசம் எந்த ரூட்ல எந்த கம்பெனி அதிகபட்சம் எவ்வளவுக்கு வித்துச்சுன்னு மாசா மாசம் வெளிய போடுங்க, டிஜிசிஏகிட்ட அந்த டேட்டா இல்லாம கண்காணிப்பு யூனிட்னு ஒண்ணு எதுக்கு இருக்கு.

கடைசியா ஒண்ணு. இந்த மாதிரி ரூல் மாத்தும்போது வரைவ கெஜட்ல போட்டு 30 நாள் கருத்து கேக்குறீங்க, இந்திலயும் இங்கிலீஷ்லயும். எங்க மாமாவோட மெக்கானிக்குக்கு அந்த ரெண்டும் படிக்க வராது, ஆனா 1960ல இருந்து இந்த நாட்டுல வந்த ஒவ்வொரு கார்ப்பரேட்டர் பத்தியும் தெரியும். அடுத்த வரைவ தமிழ்லயும் போடுங்க, அவர் பதில் எழுதுவார்.

இப்படிக்கு,
பழைய வண்டில ஏர்போர்ட் வரைக்கும் போய், டிக்கெட் விலையப் பாத்து திரும்பி வர்ற ஒரு ஆளு